டிக்கி கதவில் ட்ரில் போட்டு அஞ்சு வயரை அறுத்துவிட்டேன், வழி சொல்லுங்கள்

அரைகுறை மெக்கானிக் | ஞாயிறு, மதியம் 1:12

சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

2017 மாடல் ஹேட்ச்பேக். சென்னை ஜி.பி. ரோட்டில் ரிவர்ஸ் கேமரா ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். மாட்டித் தர 800 கேட்டார்கள். ஒரு ஓட்டை, நாலு வயர், இதற்கு எண்ணூறா என்று தோன்றியது, அங்கேதான் புத்தி கெட்டது. காலையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே டிக்கி கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு நம்பர் பிளேட்டுக்கு மேலே 20 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். தகரம் விட்டதும் ட்ரில் சரேலென்று உள்ளே போனது, "கர்ர்" என்று ஒரு சத்தம், வெளியே எடுத்துப் பார்த்தால் பிட்டைச் சுற்றி சேமியா மாதிரி வயர். கலர் கலராக.

உள்பக்க பிளாஸ்டிக் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன் (அதில் இரண்டு கிளிப் உடைந்தது, அதை விடுங்கள்). ஹார்னஸில், அதாவது சேர்த்துக் கட்டியிருக்கும் வயர் கற்றையில், அஞ்சு வயர் போயிருக்கிறது. பச்சையில் வெள்ளைக் கோடு போட்டது ஒன்று, சிவப்பில் மஞ்சள் கோடு ஒன்று, ஊதா ஒன்று, அப்புறம் இரண்டு கறுப்பு. கறுப்பில் ஒன்று தடியாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நாலு சென்டிமீட்டர் ஆளே இல்லை, பிட்டில் சுற்றிப் போய்விட்டது, அதனால் இரண்டு முனையும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். வயரை ஒட்டுப் போட மாட்டோம், கதவு ஹார்னஸ் முழுசாக மாற்ற வேண்டும், கூலியோடு எட்டாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார்கள். நானே சேர்த்துவிட முடியுமா? மல்டிமீட்டர் இருக்கிறது, சால்டரிங் அயர்ன் இருக்கிறது, தைரியம் மட்டும் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

---

டேப் ராஜ்ஜியம் | ஞாயிறு, மதியம் 1:30

பாஸ், கலர் பார்த்து முறுக்கி நல்ல இன்சுலேஷன் டேப் சுத்திடுங்க. என் வண்டியில் ஆறு வருஷமா அப்படித்தான் ஓடுது. எட்டாயிரம் எல்லாம் கொள்ளை.

---

ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஞாயிறு, மதியம் 1:41

தம்பி, மற்றது எல்லாம் அப்புறம். டிக்கி கதவை மூடிவிடாதே. ஊதா வயர் லாக்குக்குப் போகிற வயராக இருக்கலாம். மூடினால் திறக்காது.

---

அரைகுறை மெக்கானிக் | ஞாயிறு, மதியம் 1:44

மூடிவிட்டேன் சார். சாப்பிடப் போகும்போது மூடினேன்.

---

ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் | ஞாயிறு, மதியம் 1:58

சரி, பரவாயில்லை. உள் அட்டையைக் கழற்றியிருக்கிறாய் அல்லவா, அது நல்லதாகப் போயிற்று. பின்சீட்டை மடக்கிவிட்டு டார்ச்சோடு உள்ளே ஊர்ந்து போ. லாக்கின் பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் ஒன்று தெரியும், ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு பக்கமாகத் தள்ளினால் "டக்" என்று விடும். திறந்ததும் லாக் கொக்கியில் ஒரு துணியைக் கட்டி வை, வேலை முடியும் வரை யாரும் சாத்த முடியாது. அடுத்தது பேட்டரி. 10 ஸ்பேனர் எடுத்து நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வை. அறுந்த முனைகளில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும், அது பாடியில் பட்டால் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போனால் லாபம், அதுகூட இல்லாத வயராக இருந்தால் புகை.

எந்தச் சாமான் எந்தக் கடையில் வாங்குவது என்பதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு எந்த முனை எந்த முனையோடு என்பதை மட்டும் கண்டுபிடி. டேப் ராஜ்ஜியம் தம்பி சொல்கிற மாதிரி கலர் பார்த்து முறுக்கலாம்தான், ஆனால் இரண்டு கறுப்பு இருக்கிறது என்று சொல்கிறாயே, அதை மாற்றிப் போட்டால்?

---

அரைகுறை மெக்கானிக் | ஞாயிறு, மாலை 3:20

திறந்துவிட்டேன் சார். உள்ளே ஊர்ந்துபோய்ப் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து "ஏம்பா உள்ள மாட்டிக்கிட்டியா" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன், வேறென்ன சொல்வது.

துணி கட்டிவிட்டேன். நெகட்டிவ் கழற்றிவிட்டேன். கறுப்பில் தடியானது ஒன்று, ஒல்லியானது ஒன்று, ஆக மாற்றிப் போட வாய்ப்பில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒல்லிக் கறுப்பு ஒன்று என்று நினைத்தது இரண்டு! இன்னொன்றில் நீலக்கோடு இருந்திருக்கிறது, அழுக்கில் தெரியவில்லை. மொத்தம் ஆறு வயர். தலைப்பை மாற்ற முடியாது, மன்னிக்கவும்.

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | ஞாயிறு, மாலை 4:05

நானும் வருகிறேன். வேலை எலக்ட்ரானிக்ஸ், வண்டி வயரிங் பொழுதுபோக்கு.

அறுந்த வயரில் எப்போதும் இரண்டு பக்கம் இருக்கிறது. வண்டிப் பக்கம், அதாவது கரண்ட் வருகிற பக்கம். கதவுப் பக்கம், விளக்கும் மோட்டாரும் இருக்கிற பக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

கதவுப் பக்கத்தை பேட்டரி கழற்றிய நிலையிலேயே பார்த்துவிடலாம். முதலில் மீட்டரை ஓமில் வைத்து இரண்டு புரோபையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள். 0.3 அல்லது 0.5 என்று எதையாவது காட்டும், அது உங்கள் மீட்டர் வயரின் சொந்த எண், எல்லா அளவிலிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். கோடு இல்லாத ஒல்லிக் கறுப்புதான் எர்த்தாக (கரண்ட் பாடிக்குத் திரும்பிப் போகிற வயர்) இருக்க வேண்டும், அதில் ஒரு புரோபை வைத்துக்கொண்டு மற்ற ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

நம்பர் பிளேட் பல்பு 5 வாட். கணக்குப் போட்டால் 29 ஓம் வர வேண்டும், ஆனால் மீட்டர் 3 ஓம் சுமார்தான் காட்டும். பயப்படாதீர்கள். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் தடை. இரண்டு பல்பு இருந்தால் அதிலும் பாதி. ஸ்பாய்லரில் இருக்கும் ஸ்டாப் லைட் எல்இடி என்றால் ஓமில் ஒன்றுமே காட்டாது, அது செத்துப்போனது என்று அர்த்தம் இல்லை. தடிக் கறுப்பு பின்கண்ணாடி டிஃபாகருக்கு (கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் சூட்டுக் கம்பிகள்) போகிறது என்று நினைக்கிறேன். அது 1 ஓம் பக்கத்தில் வரும், எர்த் தனியாக இருக்கலாம், எனவே பாடியிலும் தொட்டுப் பாருங்கள்.

மீட்டரில் குழப்பம் வந்தால் இன்னொரு வழி இருக்கிறது. கதவுப் பக்க எர்த்தை ஒரு வயர் போட்டு பாடியோடு பிடித்துவிட்டு, வேறு ஒரு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவையும் அதே பாடியில் போடுங்கள். பாசிட்டிவை 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் வழியாக எடுத்து ஒவ்வொரு முனையையும் தொடுங்கள். தப்பான இடத்தில் தொட்டாலும் அந்தப் பல்பு எரியுமே தவிர வேறு எதுவும் எரிந்துபோகாது, 1.75 ஆம்பியருக்கு மேல் அது விடாது. வண்டிப் பக்கத்து முனைகளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கின்றன.

வண்டிப் பக்கத்துக்கு: முனைகள் ஒன்றை ஒன்று தொடாமல் அட்டையில் குத்தி வைத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். பார்க்கிங் லைட் போட்டால் எதில் 12 வோல்ட் வருகிறது, பிரேக் மிதித்தால் எதில், டிஃபாகர் போட்டால் எதில் (அதற்கு எஞ்சின் ஓட வேண்டியிருக்கும்), வைப்பர் போட்டால் எதில். பிரேக் மிதிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

---

அரைகுறை மெக்கானிக் | ஞாயிறு, இரவு 8:50

பிரேக் மிதிக்க என் பையனை உட்கார வைத்தேன். பத்து வயது, கால் எட்டவில்லை, கீழே இறங்கிக் கையால் அமுக்கினான். எட்டியது.

முடிவு: பச்சை/வெள்ளை பிரேக். சிவப்பு/மஞ்சள் நம்பர் பிளேட், கதவுப் பக்கம் 1.9 காட்டியது, 0.4 கழித்தால் 1.5, ரிச்சி ஸ்ட்ரீட் சார் சொன்ன கணக்கு அப்படியே. ஊதா லாக், டிக்கி சுவிட்ச் அழுத்தும்போது மட்டும் ஒரு கணம் 12 வருகிறது. கறுப்பு/நீலம் பின் வைப்பர். தடிக் கறுப்பு டிஃபாகர். சாதாக் கறுப்பு எர்த். ஸ்டாப் லைட் எல்இடி இல்லை, பழைய பல்பு வகைதான். வைப்பருக்கும் டிஃபாகருக்கும் எர்த் வேறு இடத்தில் போல்ட்டில் இருக்கிறது, அது அறுபடவில்லை.

ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிட்டேன். இப்போது எப்படிச் சேர்ப்பது? ஈயம் வைத்து ஒட்டும் சால்டரா, குழாயில் செருகி நசுக்கும் கிரிம்பா?

---

டேப் ராஜ்ஜியம் | ஞாயிறு, இரவு 9:02

வந்துட்டான்யா. இனி இரண்டு நாள் சண்டை.

---

ஈயப்பற்று | ஞாயிறு, இரவு 9:15

சால்டர்தான், சந்தேகமே வேண்டாம். முப்பது வருஷமாக ஈயம் வைத்துத்தான் சேர்க்கிறேன், ஒன்றும் விட்டது கிடையாது. இரண்டு முனையையும் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து, ஒவ்வொன்றையும் மற்றதன் மேல் சுற்றி, தந்திக் கம்பிக்குப் போடும் முறுக்கு போடுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும், ஈயம் மேலே ஒரு பூச்சு மாதிரிதான். 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40), உள்ளே ரோசின் என்கிற பிசின் உள்ளதாக எடுங்கள். தகரத்துக்கு ஊற்றும் பற்றுத் தண்ணீரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள், அது அமிலம், ஆறு மாதத்தில் செம்பைப் பச்சை பூக்க வைத்துத் தின்றுவிடும்.

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | ஞாயிறு, இரவு 9:40

ஈயப்பற்று அண்ணன் சொல்வது மேசை மேல் இருக்கும் சாமானுக்குச் சரி. வண்டி ஆடும். ஈயம் உருகும்போது செம்பு இழைகளுக்குள் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறும், அது நிற்கிற இடம் வரை வயர் கம்பியாக விறைத்துவிடும், அதற்கு அப்புறம் மறுபடி நெகிழும். ஒடிவது அந்த எல்லையில்தான். டிக்கி கதவோ ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து மூடுகிறது. கம்பெனி ஹார்னஸைப் பிரித்துப் பாருங்கள், கிளை பிரியும் இடத்தில் கிரிம்ப் அல்லது அல்ட்ராசோனிக் வெல்டிங் இருக்கும், ஈயம் பார்க்க முடியாது.

---

ஈயப்பற்று | ஞாயிறு, இரவு 9:52

ஃபேக்டரியில் மெஷின் இருக்கிறது. அவர் கையில் இருப்பது இருநூறு ரூபாய் கட்டிங் பிளேயர். அதை வைத்து நசுக்கின கிரிம்பை விட என் ஈயம் ஆயிரம் மடங்கு மேல்.

---

ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் | திங்கள், காலை 6:30

இரண்டு பேரும் சரிதான், இரண்டு பேரும் மற்றவர் செய்கிற மோசமான வேலையைக் காட்டிப் பேசுகிறீர்கள். என்னுடைய அனுபவத்தில் திரும்பி வந்த வண்டிகளில் நான் பார்த்தது: சால்டர் போட்டு, ஆடாமல் இருக்க ஹார்னஸோடு சேர்த்துக் கட்டியிருந்தால் அது போவதில்லை. சரியான கிரிம்பிங் டூலில் போட்ட ஜாயின்ட்டும் போவதில்லை. போனதெல்லாம் பிளேயரால் நசுக்கினதும், வெறுமனே முறுக்கி டேப் சுற்றினதும்தான். டேப் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடி நிறுத்தின வண்டிக்குள் டேப்பின் பசை உருகிக் கறுப்புக் களியாக வழியும், டேப் தானாகக் கழன்று சுருண்டு கிடக்கும். பழைய வண்டியில் கையை விட்டால் விரலில் ஒட்டுமே, அதுதான்.

தம்பி, நீ பழக்கமில்லாத ஆள், தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு ஈயம் வைக்கப் போகிறாய், உருகின ஈயம் முகத்தில் விழும். அதனால் உனக்கு கிரிம்ப் சொல்கிறேன். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டர் கேட்டு வாங்கு, இரண்டு வயர் முனையும் எதிரெதிரே நுழைகிற சின்ன உலோகக் குழாய், அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். சிவப்பு ஒல்லி வயருக்கு, நீலம் நடுத்தரம், மஞ்சள் தடி. ராட்செட் உள்ள கிரிம்பிங் டூல் வேண்டும், அது முழுசாக அழுத்தும் வரை விடாது, அதுதான் அதன் அழகே.

நாலு சென்டிமீட்டர் போய்விட்டது என்றாயே, இழுத்துப் பிடித்துச் சேர்க்கப் பார்க்காதே. நடுவில் ஒரு பத்து சென்டிமீட்டர் வயர் போட்டு இரண்டு பக்கமும் ஜாயின்ட் போடு. போடுகிற வயர் பழையதன் தடிமன் அல்லது ஒரு அளவு கூட. டிஃபாகருக்கு நல்ல தடி. ஒரே இடத்தில் ஆறு ஜாயின்ட்டும் வராமல் ஒன்றுக்கொன்று ஒரு இஞ்ச் தள்ளித் தள்ளி வெட்டு, இல்லாவிட்டால் பாம்பு எலியை விழுங்கின மாதிரி ஹார்னஸ் நடுவில் புடைத்து நிற்கும், கிளிப்பில் உட்காராது. பாடிக்கும் கதவுக்கும் நடுவே மடிகிற ரப்பர் குழாய்க்குள் மட்டும் எந்த ஜாயின்ட்டும் வரக் கூடாது.

ஒவ்வொரு ஜாயின்ட்டையும் போட்டதும் இழுத்துப் பார். நல்லா இழு. கழன்றால் இப்போதே கழலட்டும்.

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | திங்கள், காலை 9:10

சார் சொன்னதுக்கு மேலே ஒன்றும் இல்லை. டிஃபாகர் ஜாயின்ட் பற்றி மட்டும் ஒரு கணக்கு. அது 12 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஜாயின்ட்டில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 12 x 12 x 0.1, 14 வாட்டுக்கு மேல் அந்த ஒரு இடத்தில் சூடாக மாறும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை ஹார்னஸுக்குள் செருகி வைத்த மாதிரி. ஃப்யூஸ் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. விளக்கு வயரில் இதே மட்டமான ஜாயின்ட் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆறில் எதில் அதிக நேரம் செலவழிப்பது என்று கேட்டால் அதில்தான்.

---

கோவை குளிர் | திங்கள், காலை 10:25

வீட்டு வயரிங்கில் போடும் ஆரஞ்சு நெம்பு கனெக்டர் இருக்கிறதே, செருகி மடக்கினால் பிடித்துக்கொள்ளும், அதைப் போட்டால் என்ன? எந்த டூலும் வேண்டாமே.

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | திங்கள், காலை 10:40

டெஸ்ட் பண்ண அருமை. ஆறையும் அதில் மாட்டி எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கிரிம்ப் பண்ணலாம், நானே அப்படித்தான் செய்வேன். நிரந்தரமாக வேண்டாம். டிக்கி கதவுக்குள் மழைத்தண்ணீர் ஓடும், கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிக் கீழ் ஓட்டை வழியாக வெளியேறுகிற மாதிரிதான் அதைச் செய்திருப்பார்கள். அந்த கனெக்டருக்குள் தண்ணீர் போனால் வராது. அந்த நீலக் கலர் ஸ்னாப் கிளிப்பும் அதே கதைதான், வயரைக் கடித்துப் பிடிக்கும், கடித்த இடத்தில் பாதி இழை அறுந்திருக்கும்.

---

சீட் கவர் சோகம் | திங்கள், மதியம் 12:15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அறுந்த வயர்தான். போன வாரம் நானே சீட் கவர் மாற்றினேன், டிரைவர் சீட்டுக்கு அடியில் பழைய கவரின் நாடாவை பிளேடால் அறுக்கும்போது மஞ்சள் குழாய்க்குள் போகிற வயர் ஒன்று கூடச் சேர்ந்து அறுந்துவிட்டது. டேஷ்போர்டில் ஆள் முன்னால் பலூன் இருக்கிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு வருகிறது. வண்டி நன்றாக ஓடுகிறது. நானும் இந்த பட் கனெக்டர் போடலாமா? முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டுமா?

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | திங்கள், மதியம் 12:21

மீட்டரை வைக்காதீர்கள்!! அது சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக் வயர்.

---

ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் | திங்கள், மதியம் 12:50

அவர் கத்தியது சரி. மஞ்சள் கலர் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஏர்பேக்கை வெடிக்க வைப்பது சின்ன மின்சாரம்தான், ஓம் பார்க்கும்போது மீட்டரும் வயருக்குள் மின்சாரம் விடும். எல்லா மீட்டரும் வெடிக்க வைத்துவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் உட்கார்ந்திருக்கும் சீட்டில் வைத்து அதைச் சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு நாற்பது வருஷத்தில் வந்ததில்லை. அந்த சர்க்யூட்டில் கம்ப்யூட்டர் ஓமை விடாமல் அளந்துகொண்டிருக்கும், ஜாயின்ட்டில் கொஞ்சம் தடை கூடினாலும் விளக்குப் போடும். விளக்கு எரியும் வரை மோதினால் பலூன் வராது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஐந்து நிமிஷம் சும்மா விட்டுவிட்டு (உள்ளே கண்டன்சரில் சார்ஜ் நிற்கும்), அறுந்த முனைகள் தனித்தனியாக எங்கும் தொடாதபடி டேப் சுற்றி, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அந்தத் துண்டு ஹார்னஸையே மாற்றட்டும். இவருக்கு எட்டாயிரம் அநியாயம் என்று நானே சொல்வேன், உங்களுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுங்கள்.

---

சீட் கவர் சோகம் | திங்கள், மதியம் 1:05

நன்றி சார். மீட்டர் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

---

கோவை குளிர் | திங்கள், மதியம் 2:30

மஞ்சள் மாதிரி தொடக் கூடாதது வேறு என்ன இருக்கிறது? டேஷ் கேம் போடலாம் என்று இருக்கிறேன், இந்த உரையாடலைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | திங்கள், மதியம் 3:00

டேஷ் கேம் வயரை முன் கண்ணாடிப் பக்கத்துத் தூணுக்குள் விடுவீர்கள், அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் வயர் அதற்குப் பின்பக்கமாகப் போக வேண்டும், முன்னால் போனால் அது விரியும்போது குறுக்கே நிற்கும். சக்கரத்துப் பக்கம் ஏபிஎஸ் சென்சார் வயர், அதிலும் ஜாயின்ட் போடாமல் சென்சாரோடு மாற்றுவது நல்லது.

அப்புறம் இரண்டு ஒல்லி வயர் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால் அது கேன் லைன், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயர். அறுந்தால் சேர்க்கலாம், ஆனால் இரண்டையும் மாற்றிவிடக் கூடாது, பழைய முறுக்கை அப்படியே திரும்ப முறுக்க வேண்டும், பிரிந்து கிடக்கும் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சேர்த்ததும் பேட்டரி கழற்றிய நிலையில் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள், வேக லைனாக இருந்தால் 60 வர வேண்டும், இரு கோடியிலும் தலா 120 ஓம் இருப்பதால். 120 காட்டினால் இன்னும் எங்கோ அறுந்திருக்கிறது.

---

அரைகுறை மெக்கானிக் | செவ்வாய், இரவு 10:40

வேலை முடிந்தது, ஆனால் முடியவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கனெக்டர், ராட்செட் டூல், 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், டிஃபாகருக்கு 2.5 ஸ்கொயர், எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். கேமரா மாட்டும் கூலி எண்ணூறு என்பதை யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

ஆறு வயருக்கும் பன்னிரண்டு ஜாயின்ட். ஸ்லீவைச் சுருக்க மனைவியின் ஹேர் டிரையரை எடுத்தேன், வெறும் வெதுவெதுப்புதான், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் லைட்டரைத் தள்ளிப் பிடித்துச் செய்தேன். ஓரத்தில் பசை முத்து மாதிரி பிதுங்கி வரும் வரை சூடு காட்டினேன்.

பேட்டரி மாட்டினேன். வைப்பர் ஓகே. டிஃபாகர் ஓகே, பத்து நிமிஷம் ஓட விட்டு அதன் ஜாயின்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. ஆனால் பார்க்கிங் லைட் போட்டால் நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக, நோயாளி மாதிரி எரிகிறது. அதோடு பிரேக் மிதித்தால் அது அணைந்துவிடுகிறது! பார்க்கிங் போடாமல் பிரேக் மட்டும் மிதித்தால் மேலே ஸ்டாப் லைட் எரியாமல் கீழே நம்பர் பிளேட் லேசாக எரிகிறது. டிக்கி சுவிட்சை அழுத்தினால் லாக் திறக்கவில்லை, நம்பர் பிளேட் கண் சிமிட்டுகிறது. வயரை மாற்றிச் சேர்த்துவிட்டேனா? லேபிள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுபடி வெட்ட வேண்டுமா? அழுகை வருகிறது.

---

ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் | புதன், காலை 5:50

வெட்டாதே. மாற்றிச் சேர்க்கவில்லை. எர்த் போயிருக்கிறது.

ஸ்டாப் லைட், நம்பர் பிளேட், லாக் மூன்றுக்கும் ஒரே சாதாக் கறுப்பு எர்த். அது இல்லாதபோது பிரேக் கரண்ட் ஸ்டாப் பல்பு வழியாக வந்து, போக வழியில்லாமல் நம்பர் பிளேட் பல்புக்குள் பின்பக்கமாக ஏறி, பார்க்கிங் வயர் வழியாக முன்னால் போய் அங்கே இருக்கிற பார்க்கிங் பல்புகளின் எர்த்தைப் பிடிக்கிறது. பார்க்கிங்கும் பிரேக்கும் சேர்ந்து போட்டால் இரண்டு பக்கமும் 12 வோல்ட், தள்ளுவதற்கு ஆள் இல்லை, அணைந்துவிடும். லாக் மோட்டார் கரண்டும் அதே பல்பு வழியாக ஓடப் பார்க்கிறது, பல்பு விடுகிற அளவுக்கு மோட்டார் எங்கே சுற்றும். வைப்பரும் டிஃபாகரும் தனி எர்த் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதனால்தான் அவை நன்றாக இருக்கின்றன.

ஒரு துண்டு வயரை எடுத்து, கதவுப் பக்கத்துக் கறுப்பைப் பாடியின் வெறும் இரும்பு போல்ட்டில் தொட்டுப் பார். எல்லாம் சரியாகிவிட்டால் உன் கறுப்பு ஜாயின்ட் இரண்டில் ஒன்றுதான். இழுத்துப் பார்த்தாயா?

---

அரைகுறை மெக்கானிக் | புதன், இரவு 9:15

சார், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஒரு கிலோ அல்வாவோடு வந்து காலில் விழுகிறேன்.

தொட்டதும் எல்லாம் எரிந்தது. கறுப்பின் இரண்டாவது ஜாயின்ட்டைப் பிடித்து இழுத்தேன், வயர் வெண்ணெயில் முடி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அதுதான் நான் கடைசியாகப் போட்டது, இருட்டிவிட்டது, சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், இழுத்துப் பார்க்காமல் விட்ட ஒரே ஜாயின்ட். பார்த்தால் இழைகள் குழாய்க்குள் போகவே இல்லை, வயரின் பிளாஸ்டிக் தோல் மட்டும் உள்ளே போய் அதன் மேல் கிரிம்ப் விழுந்திருக்கிறது. வெளியே ஸ்லீவ் அழகாகச் சுருங்கியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

வெட்டிவிட்டுப் புதிது போட்டேன். இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். எல்லாம் வேலை செய்கிறது, லாக் உட்பட. கொக்கியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு நாலு நாளுக்கு அப்புறம் டிக்கியைச் சாத்தினேன்.

---

ஈயப்பற்று | புதன், இரவு 9:30

சால்டர் போட்டிருந்தால் இழை உள்ளே போனதா இல்லையா என்று கண்ணால் பார்த்திருக்கலாம். சொன்னேன், சொல்லிவிட்டேன்.

---

ரிச்சி ஸ்ட்ரீட் வாசி | புதன், இரவு 9:34

இந்த ஒரு பாயின்ட் உங்களுக்கு, அண்ணா.

ஓட்டை விளிம்பில் பெயின்ட் போட்டீர்களா? வெறும் தகரம், மழை பட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். உள்ளே கிடக்கும் இரும்புத் தூளையும் காந்தம் வைத்து எடுத்துவிடுங்கள், அதுவும் துருப்பிடித்துக் கறை விடும்.

---

மாட்டிக் கொடுப்பவன் | வியாழன், காலை 11:20

நான் கார் ஆக்சஸரி கடையில் வேலை பார்க்கிறேன், இப்போதுதான் இந்த உரையாடலைப் பார்த்தேன். நீங்கள் வாங்கின கேமரா இரண்டு பக்கமும் காது மாதிரி தகடு உள்ளதா? அதை நம்பர் பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவிலேயே மாட்டலாம். வயரை நம்பர் பிளேட் விளக்கின் கூட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டுவிடுவோம். ட்ரில்லையே எடுக்க மாட்டோம்.

---

அரைகுறை மெக்கானிக் | வியாழன், இரவு 8:05

காது இருக்கிறது.

விளக்குக் கூட்டைக் கழற்றி வயரை விட்டேன், இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, படம் வருகிறது. ஓட்டை விளிம்பில் டச்சப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து 20 மில்லிமீட்டர் ரப்பர் கிராமெட் ஒன்றை வைத்து அடைத்துவிட்டேன். பையன் அது எதற்கு என்று கேட்டான். இரண்டாவது கேமராவுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.